பிறர் மனங்கொள்ளப் பேசுதல்



நாம் நல்லதென்று எண்ணுவதைப் பிறரும் ஏற்குமாறு எடுத்துரைக்கும் ஆற்றலே சொல்வன்மையாகும். திருவள்ளுவப் பெருந்தகை திருக்குறளின் 65ஆம் அதிகாரத்திற்கு இப்பெயரே சூட்டி, அதனை அமைச்சியலில் அமைத்தார். எனினும், இவ்வாற்றல் அமைச்சருக்கு மட்டும் உரியதன்று. பள்ளிச் சிறுவருக்கும் வேண்டுவதே. இஃது உரத்துப் பேசுவதனால் வருமா? அடுக்குமொழியால் வருமா? நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

மலாயா 1957ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அக்காலத்தையொட்டி, வெள்ளையர் பலர் தம் ரப்பர்த் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு பகுதிகளாக்கி மீண்டும் விற்றனர். இதனைத் தோட்டத் துண்டாடல் என்பர். இதனால் தொழிலாளர் வேலையை இழந்தனர். லயத்து வீடுகள் தோட்டத்துக்கே சொந்தமாதலால், குடியிருந்த வீட்டையும் இழந்தனர்.

தொழிலாளரே ஒன்றுகூடித் தோட்டங்களை வாங்கலாமே என்னும் நோக்கத்துடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதற்கு முன்னின்றவர், அன்று அமைச்சராக விளங்கியவரும் பின்னாளில் துன் விருது பெற்றவருமான வீ. தி. சம்பந்தன் ஆவார். மாதம் 10 வெள்ளி செலுத்தி, 100 வெள்ளிப் பங்கொன்றைப் பெறுவதே திட்டம். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. கொடுத்த பணம் என்னாகுமோ என்னும் ஐயம் எழுவதும் இயல்பே. சம்பந்தனார் தோட்டந்தோட்டமாகச் சென்று எடுத்துரைத்தார். தொழிலாளர் இணங்கிப் பணம் செலுத்தினர். 1961இல் நம் பினாங்கை அடுத்த கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் அதன் உடைமையாயின.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை யாவை?

முதலாவது, பேச்சு கேட்போரின் கவலையிலிருந்து தொடங்கவேண்டும். வீடு போய்விடுமோ என்று அஞ்சியவர்களுக்கு, அவ்வீட்டைக் காக்கும் வழி காட்டப்பட்டது.

இரண்டாவது, வேண்டுகோள் தெளிவாகவும் செய்யக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். நூறு வெள்ளியை ஒரே நாளில் கேட்டிருப்பின் எத்தனை பேரால் கொடுத்திருக்க இயலும்?

மூன்றாவது, நேரிற் செல்லவேண்டும். அப்பொழுதுதான் கேட்போர் தம் ஐயத்தை வெளியிட இயலும்.

நான்காவது, சொல் செயலாகவேண்டும். வாங்கிய முதல் தோட்டமே மற்றத் தோட்டத்தாருக்குச் சான்றாயிற்று. எத்துணை இனிய உரையும் இச்சான்றுக்கு ஈடாகாது.

இனிக்கப் பேசி ஏமாற்றுவோரும் உலகில் உளர். அவர்களை இனங்காண்பது எங்ஙனம்? வஞ்சகர் கேள்வியை விரும்பார். சிந்திக்க நேரம் அளியாது அவசரப்படுத்துவர். நேர்மையாளரோ கேள்வியை வரவேற்பர்.

உங்கள் தோழன் ஒருவன் சில நாளாகப் பள்ளிக்கு வாராதிருக்கிறான் எனக் கொள்வோம். அவனைச் சோம்பேறி என்று பழித்தால் வருவானா? வாரான். அவன் வீட்டிற்குச் சென்று காரணத்தைக் கேளுங்கள். கணக்கு விளங்காத அச்சமாயின், “நாளைக் காலை நான் வருகிறேன், இருவரும் சேர்ந்து போவோம். கணக்கை நான் சொல்லித் தருகிறேன்” என்று கூறுங்கள். மறுநாட் காலை தவறாது அவன் வாசலில் நில்லுங்கள். அங்ஙனம் நிற்பதே சொல்வன்மையின் உயிர்நாடி.