தீபாவளிக் காலையும் சர்க்கரை மாத்திரையும்

தீபாவளிக்கு மறுநாள் வரும் நீரிழிவு நோயாளரிடம் நாங்கள் முதலில் கேட்பது, எத்தனை இனிப்பு உண்டீர்கள் என்பதன்று. மாத்திரையை என்ன செய்தீர்கள் என்பதே.

எண்ணெய்க் குளியல், கோயில், உறவினர் வருகை எனக் காலை உணவு தள்ளிப்போகிறது. சிலர் மாத்திரையை மறந்துவிடுகின்றனர். வேறு சிலரோ உண்ணப்போகும் இனிப்புக்கு ஈடாக ஒன்றைக் கூடுதலாக விழுங்குகின்றனர். எங்களை அதிகம் அஞ்சவைப்பது இதுதான். உணவு தாமதமானால், இன்சுலினும் சில மாத்திரைகளும் இரத்தச் சர்க்கரையை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தோன்றினால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இனிப்பை அறவே விலக்கச் சொல்ல எங்களுக்கும் மனமில்லை. வழக்கமான மாத்திரைக்கும் சிற்றுண்டிக்கும் பின், ஓர் இட்லியைக் குறைத்துக்கொண்டு, பாதி அதிரசம் உண்ணலாம். தீபாவளி லேகியம் மருந்துதானே என்று உருட்டி விழுங்குவோரும் உண்டு. அதிலும் வெல்லமும் நெய்யும் தாராளமாகவே சேர்கின்றன. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் வீட்டில், முறுக்கு மாவு பிசையும்போதே உப்பைக் குறைத்துவிடுங்கள்.