நறுக்கும் இயந்திரமும் பத்து விரல்களும்

பெருஞ்சமையல் நம் குறிஞ்சிப்பாடி வட்டத்துக்குப் புதிதன்று. வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டில் ஏற்றிவைத்த தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. திருமணச் சமையற்கூடமாயினும் சிப்ஸ் கடையாயினும், நூற்றுக்கணக்கானோருக்குக் காய் நறுக்கும் இடங்களில் அரிவாள்மணையுடன் இன்று மின்சார நறுக்கும் இயந்திரமும் இடம்பெறுகிறது.

ரோட்டர்டாம் நகர இறைச்சிக் கடைக்காரர் வில்லெம் வான் பெர்க்கெல் 1898ஆம் ஆண்டில் வட்டக் கத்தி கொண்ட இயந்திரத்தை உருவாக்கினார். அரிவாள்மணையில் கத்தி அசையாது, கைதான் அசையும். இயந்திரத்திலோ கத்தி சுழல்கிறது. கை தயங்கினாலும் அது தயங்குவதில்லை.

நறுக்கும்போது மட்டுமன்றி, துடைத்துக் கழுவும்போதும் விரல் வெட்டுப்படக்கூடும். மின்தடையால் இயந்திரம் நின்றிருக்கும். சிக்கிய துண்டை எடுக்கக் கை உள்ளே செல்லும். அந்நேரம் மின்சாரம் திரும்பிவிடும். ஆகவே சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். காயைத் தள்ளுவதற்கு விரலைப் பயன்படுத்தாமல் தள்ளுகட்டையையே பயன்படுத்த வேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு இயக்குதல் கூடாது. மின்சாரம் திரும்பினாலும் தானாக ஓடத் தொடங்காத அமைப்புள்ள இயந்திரத்தை வாங்குவது நலம்.

விரல் வெட்டுப்பட்டால் தூய துணியால் இறுக அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதையும் காயத்தில் இடாதீர்கள். வீக்கம் தொடங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். தொங்கும் பகுதியை அறுத்தெடுக்காதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தூய நீரில் மென்மையாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டுங்கள். அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல் பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டால் அதன் திசுக்கள் உறைந்து கெடும். 108 எண்ணை அழையுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காயமுற்றவருக்கு உணவோ நீரோ தர வேண்டாம். சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ அவர் மருந்து உட்கொள்பவராயின், அதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள்.

துண்டான எல்லா விரல்களையும் மீண்டும் பொருத்த இயலாது. ஆயினும் துண்டு முறையாக வந்து சேர்ந்தால்தான் மருத்துவர் முயன்று பார்க்க முடியும்.

தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. மருத்துவர் கூறும் விரல் பயிற்சிகளை நாள்தோறும் செய்யாவிடில் மூட்டுகள் இறுகிவிடும். காயம் ஆறும்வரை உணவைத் தொடும் வேலையும் தகாது. புண்ணிலுள்ள கிருமிகள் உணவில் கலந்து உண்பவருக்கு வாந்தியை உண்டாக்கக்கூடும். சமையற்கலைஞருக்குக் கைகளே முதல் என்பதையும், கூலி இழக்கும் நாட்கள் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை என்பதையும் நாம் அறிவோம். அச்சுமை நேராமல் தடுக்க, பிளக்கைப் பிடுங்கும் ஒரு நொடி பெரும்பாலும் போதும்.