வால்டன் குளத்தை ஒரு சுற்று

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நகரருகே வால்டன் என்றொரு குளம் உண்டு. அதைச் சுற்றிச் செல்லும் காட்டுப்பாதையின் நீளம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். கடினமான ஏற்றம் இல்லை. ஓக், பைன் மரங்களின் நிழலில் ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஆனால், கேள்வி கேட்டுக்கொண்டே நடப்பவருக்கு இந்தச் சிறிய பாதை ஓர் ஆய்வுக்கூடம். வாருங்கள், மனத்தளவில் நாமும் ஒரு சுற்று வருவோம்.

பனிக்கட்டி தோண்டிய கிணறு

இக்குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடை எங்கே? கரை முழுவதும் தேடினாலும் கிடைக்காது. நீர் வெளியேறும் கால்வாயும் இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

விடை காலடியில் இருக்கிறது. பாதை நெடுகிலும் மணலும் சரளைக் கற்களும் தென்படும். 10,000 ஆண்டுகளுக்கும் முன்னர், கடைசிப் பனியுகத்தின் முடிவில், இப்பகுதியை மூடியிருந்த பனிப்படலம் உருகிப் பின்வாங்கியது. அப்போது பெரும் பனிக்கட்டிப் பாளங்கள் பின்தங்கிவிட்டன. உருகிய நீர் அடித்துவந்த மணலும் சரளையும் அவற்றைச் சுற்றிப் படிந்தன. பாளங்களும் உருகியபின் அவை இருந்த இடம் பள்ளமாயிற்று. பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே இறங்கியிருந்ததால் நீர் ஊறி நிரம்பியது. ஆக, வால்டன் பெரியதொரு கிணறு என்றே சொல்லலாம்.

ஊறி வரும் நீரும் மழைநீரும் ஒருபுறம் சேர, மறுபுறம் நீர் மணலினூடே மேற்கு நோக்கிக் கசிகிறது. அத்திசையில், ரயில் பாதைக்கு அப்பால் காட்டைக் கடந்து சென்றால் சட்பரி ஆறு வரும். அதன் ஃபேர்ஹேவன் என்ற அகன்ற நீர்ப்பரப்பின் கரை வரை நடந்து திரும்புவோரும் உண்டு.

கயிறும் கல்லும்

வடகரையில் ஒரு சிறு வீட்டின் இடம் கற்களால் குறிக்கப்பட்டுள்ளது. எழுத்தாளரும் நில அளவையாளருமான ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை இங்கு வாழ்ந்தார். குளத்துக்கு அடியே இல்லை என்று அக்காலத்தில் பலர் நம்பினர். தோரோ வாதம் செய்யவில்லை, அளந்தார். 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உறைந்த குளத்தின் மேல் நின்று, ஒன்றரைப் பவுண்டு எடையுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி, நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இறக்கினார். மிகுந்த ஆழம் 102 அடி, அதாவது 31 மீட்டர். பிற்கால அளவீடுகளும் ஏறத்தாழ இதையே கூறுகின்றன.

கல் அடியைத் தொட்டது கண்ணுக்குத் தெரியாதே, எப்படி அறிந்தார்? சேற்றிலிருந்து கிளப்பும்போது கயிற்றைச் சற்றுப் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. கல்லுக்கு அடியில் நீர் புகுந்தபின்தான் மிதப்பு விசை கைகொடுக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் கைவிரல்களில் தெரிந்தது!

இரண்டு அடுக்கு நீர்

கோடையில் குளத்தின் மேல்நீர் வெதுவெதுப்பாகும். அடிநீர் குளிர்ந்தே இருக்கும். சூடான நீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலேயே மிதக்கும், இரண்டும் கலப்பதில்லை. இதனால் அடியில் ஆக்சிஜன் குறைகிறது. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்த பிறகே குளம் முழுவதும் கலந்து மூச்சு விடுகிறது.

வெப்பக்காலம் நீண்டால் இந்த மூச்சுத் திணறலும் நீளும். இதனுடன் இன்னொரு சுமையும் சேர்கிறது. கோடையில் நீந்த வருவோர் கூட்டம் மிகுதி. அக்காலத்தில் குளத்தில் சேரும் பாஸ்பரஸில் பாதிக்கு மேல் அவர்களது சிறுநீரால் வரக்கூடும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாஸ்பரஸ் பாசிகளுக்கு உரம். மேலே பாசி பெருகினால் நீர் கலங்கும். அடியில் புல்வெளிபோல் படர்ந்து சத்துகளை உறிஞ்சும் தாவரங்களுக்கு ஒளி கிட்டாது. அவை அழிந்தால் நீரின் தெளிவும் போய்விடும்.

பூக்கள் சொன்ன செய்தி

1850களில் தோரோ இப்பகுதியில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று குறித்துவைத்தார். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பிரிமாக்கும் உடன் ஆய்வாளர்களும் அதே செடிகளைத் தேடி நடந்தனர். வழக்கமாகக் காணப்படும் 43 வகைச் செடிகள் சராசரியாக 7 நாட்கள் முன்னதாகப் பூப்பதை 2008இல் வெளியிட்டனர். சில இனங்கள் இங்கிருந்து மறைந்தே போயிருந்தன. புவி வெப்பமடைதலைப் பற்றித் தோரோ எதுவும் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவரது குறிப்பேடு அதற்குச் சாட்சியாயிற்று.

1922இல் குளத்தைச் சுற்றியிருந்த நிலத்தில் சுமார் 80 ஏக்கரை, எமர்சன் குடும்பம் உள்ளிட்ட உரிமையாளர்கள் மாநில அரசுக்குக் கொடையளித்தனர். அதனால் காடு பிழைத்தது. இன்று பாதையின் இருபுறமும் கம்பிவேலி உண்டு. நடப்போர் விலகி இறங்கினால் மணற்கரை சரிந்து குளத்தில் விழும் என்பதே காரணம்.

இத்தகைய ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். உங்கள் ஊர்க் குளத்தை வாரம் ஒருமுறை சுற்றி வாருங்கள். நீர்மட்டம், காலை வெப்பநிலை, கரையோர மரம் முதலில் பூத்த நாள் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதுங்கள். ஓராண்டுக் குறிப்பு பழக்கத்தைத் தரும். பத்தாண்டுக் குறிப்பு செய்தியைச் சொல்லும்.