‘அறுவை’ன்னா மொக்கை இல்லீங்க... துணி!

‘ஒரே அறுவைப்பா’ என்று அப்பா, சித்தப்பா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இப்போது அந்த இடத்தை ‘மொக்கை’ பிடித்துவிட்டது. அறுவை சிகிச்சையில் மட்டும்தான் சொல் பிழைத்திருக்கிறது. ஆனால், சங்க காலத்தில் அறுவை என்றால் துணி.

சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஜவுளி வியாபாரி, பார்ட் டைம் கவிஞர் என்று வைத்துக்கொள்ளலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது ‘அறுவை வீதி’ என்றே ஒரு கடைத்தெரு வருகிறது. பருத்தி, மயிர், பட்டு மூன்றிலும் நெய்த துணிகள் அங்கே மடிப்பு மடிப்பாக அடுக்கியிருந்தன.

அந்தப் பட்டியலில் லினன் இல்லை. இன்றைக்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் சட்டை கேட்டால் முதலில் எடுத்துப் போடுவதே அதைத்தான்! லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். டயட்டுக்கு வாங்குகிறோமே ஆளி விதை, அதே செடி. செடியின் லத்தீன் பெயர்தான் துணிக்கும் வந்தது. சட்டைக்கு உள்ளே வைக்கும் ‘லைனிங்’கும் அதே வழியில் வந்ததுதான். பிறகு அந்தச் சொல் அகலமாகி, ரயில் ஏசி பெட்டியில் தரும் பருத்திப் போர்வையும் ‘லினன்’ ஆகிவிட்டது. அதனால், சட்டை வாங்கும்போது போர்டை நம்பாமல், உள்ளே தைத்திருக்கும் லேபிளில் எத்தனை சதவீதம் லினன் என்று பாருங்கள்.

அவர்கள் செடியை வைத்துப் பெயர் வைத்தார்கள். நாம் தறியில் நடக்கும் வேலையை வைத்து வைத்தோம். தறியில் பாவு நீளமாக ஓடும். ஊடை குறுக்கே போகும். காஞ்சிபுரத்தில் இன்றும் ஒரே பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் நெய்கிறார்கள். நெய்ததை அறுத்து எடுத்தால்தான் சேலை. அறுத்தது அறுவை. துணித்தது துணி, துண்டும் அப்படித்தான். வேட்டிகூட ‘வெட்டு’ என்பதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. ‘சுற்றுதல்’ என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல் என்பது எதிர்க்கட்சி. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

நெசவாளிக்கு அந்த அறுப்பு வெறும் கத்தரி வேலை இல்லை. மாதச் சம்பளம் கிடையாதே! அறுத்த சேலையைச் சங்கத்திலோ முதலாளியிடமோ கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. சேலை அறுக்கத் தாமதமானால் மளிகைக் கடன் ஏறும். இந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல் வேறு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43.31 லட்சமாக இருந்த நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும், 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது. போனால் பட்டுக் கடையோடு திரும்பிவிடாதீர்கள். தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள்.