திரையில் 50, கணக்கில் 5

கடையில் பில் போடும் பெண், ‘எண்ணிக்கை’ என்ற பெட்டியில் இருந்த 5-ஐ அழித்துவிட்டு 50 என்று அடிக்கிறார். மவுஸைத் தொடாமல் அப்படியே கண்ட்ரோல் எஸ் தட்டுகிறார். திரையில் 50 பளிச்சென்று தெரிகிறது. பதிவானதோ 5.

அவர் மீது தப்பே இல்லை. திரையில் தெரியும் பெட்டி வேறு, கம்ப்யூட்டரின் நினைவகத்தில் புரோகிராம் வைத்திருக்கும் எண் வேறு. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் அந்தச் சுமை முழுக்க புரோகிராமர் தலையில்தான். முப்பது பெட்டி இருந்தால், போவதற்கு முப்பது வரி, வருவதற்கு முப்பது வரி. ஒன்றை மறந்தாலும் கணக்கு உதைக்கும்.

இந்த இரண்டையும் ஒரே முறை முடிச்சுப் போட்டுவிடுவதுதான் டேட்டா பைண்டிங். 1993-இல் வந்த விஷுவல் பேசிக் 3, டேட்டாபேஸில் உள்ள விவரங்களைக் கோட் எழுதாமலே பெட்டிகளோடு இணைக்க வழி செய்தது. 2003-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கு கோகோ பைண்டிங்ஸைத் தந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட, விண்டோஸ் புரோகிராம்களுக்குத் திரை அமைக்க உதவும் டபிள்யூ.பி.எஃப். இந்த முடிச்சுக்கு முக்கிய இடம் தந்தது.

டபிள்யூ.பி.எஃப்.பில் எண் மாறினால், ‘பிராப்பர்ட்டி சேஞ்ச்டு’ என்ற அறிவிப்பைப் புரோகிராம் எழுப்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் பெட்டி தன்னைத் திருத்திக்கொள்ளும். அறிவிப்பு இல்லையென்றால் திரையில் பழைய எண்ணே நிற்கும். முடிச்சில் ஒரு பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினாலும் புரோகிராம் நின்றுபோகாது. பெட்டி வெறுமையாகக் கிடக்கும். புரோகிராமர் வேலை செய்யும் விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் ஜன்னலில் ஒரு வரி ஓடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அரை நாளைத் தொலைப்பது இங்கேதான்.

எதிர்த்திசையில், அதாவது பெட்டியிலிருந்து புரோகிராமுக்கு, எண் எப்போது போகிறது? கர்சர் அந்தப் பெட்டியை விட்டு நகரும்போது. அரைகுறையாக அடித்ததையெல்லாம் அனுப்ப வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. ஆனால் கண்ட்ரோல் எஸ் தட்டினால் கர்சர் நகர்வதில்லையே! 50 பெட்டியிலேயே தங்கிவிட்டது.

‘ஒவ்வொரு எழுத்துக்கும் அனுப்பு’ என்று மாற்றி அமைக்கவும் முடியும். எண்ணிக்கைக்கு அது சரி, விலைக்கு ஆபத்து. டபிள்யூ.பி.எஃப். இயங்கும் தளமான டாட் நெட்டின், 2012-இல் வந்த 4.5 பதிப்பு முதல், தசம எண்ணோடு இணைத்த பெட்டியில் 12.5 என்று அடித்துப் பார்த்தால் தெரியும். ‘12.’ வரை அடித்ததுமே புரோகிராம் அதை 12 என்று எடுத்துக்கொண்டு, பெட்டியிலும் 12 என்றே திருப்பி எழுதும். புள்ளி காணாமல் போகும். அடுத்து 5 அடித்தால் விலை 125. அதே பதிப்பில் ‘டிலே’ என்ற வசதியும் வந்தது: கடைசி எழுத்துக்குப் பிறகு, 500 மில்லி நொடி என்பதுபோல், சற்றுப் பொறுத்து அனுப்பலாம். அப்போதும் புள்ளி வைத்துவிட்டு யோசிப்பவருக்குச் சிக்கல்தான்.

நம்பிக்கையான வழி வேறு. சேமிக்கும் கட்டளை வந்ததும், கர்சர் நிற்கும் பெட்டியின் முடிச்சில் ‘அப்டேட் சோர்ஸ்’ என்பதை அழைத்து, அதில் இருப்பதை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு கோப்பில் எழுதுவது. சில வரி வேலைதான். அதை எழுதியிருந்தால் அந்தப் பில்லில் 50 பதிவாகியிருக்கும்.