பணியிட நெறியும் பொதுச் சேவையும்

பணியிட நெறி என்பது ஓர் ஊழியர் தம் அலுவலை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் ஒழுக்க முறையாகும். நேர்மை, நடுநிலை, காலந்தவறாமை, கனிவான பேச்சு, பொறுப்பேற்றல் ஆகியவை இதன் கூறுகள். கடையில் சரக்கு சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். வருமானச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ வேறு கடை கிடையாது. ஆகவே பொதுத்துறையில் ஊழியரின் நெறியே சேவையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

கோவில்பதாகை: ஓர் எடுத்துக்காட்டு

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியான கோவில்பதாகை, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆவடி நகராட்சி 2019-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இப்பகுதி மக்கள் சொத்து வரி, குடிநீர், குப்பை அகற்றம் ஆகியவற்றுக்கு மாநகராட்சியையும், பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு வருவாய்த் துறையையும் நாடுகின்றனர்.

ஆவடி பொதுத்துறைத் தொழிலாளர்களின் ஊரும் ஆகும். விஜயந்தா, அஜெயா, அர்ஜுன் டாங்கிகளைத் தயாரித்த கனரக வாகனத் தொழிற்சாலை இங்குள்ளது. இங்கு ஒரே மனிதர் காலையில் பொதுத்துறை ஊழியராகவும், விடுப்பு நாளில் மனுதாரராகவும் இருக்கக்கூடும். தொழிற்சாலையில் ஒரு பற்றவைப்பைச் சரியாகச் சோதிக்காமல் விட்டால் அதன் ஆபத்து அனைவருக்கும் புரியும். அலுவலகத்தில் ஒரு கோப்பு கிடப்பில் கிடந்தால் அதன் பாதிப்பு அந்த மேசையில் தெரிவதில்லை. அது மனுதாரரின் வீட்டில் தெரிகிறது.

தாமதம் ஏன் நெறிமீறல்?

நெறி என்றதும் லஞ்சம் வாங்காமை மட்டுமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் காசு வாங்காத ஊழியரும் சேவையைக் கெடுக்க முடியும். கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இன்று இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எனினும் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் சரிபார்த்தால்தான் விண்ணப்பம் நகரும். முதல் முறை ஒரு குறையையும் அடுத்த முறை வேறொரு குறையையும் சொல்லித் திருப்பினால், கடைசித் தேதி கடந்துவிடும். குறைகள் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த உதவித்தொகை கைநழுவியிருக்காது. கணினி வரிசையைக் காட்டும்; அக்கறையைக் கொண்டுவராது.

அலைக்கழிப்பின் அடுத்த கட்டமே லஞ்சம். "நாளைக்கு வாங்க" என்ற பதிலைப் பலமுறை கேட்டவரிடம் இடைத்தரகர் எளிதில் நெருங்கிவிடுகிறார். தினக்கூலி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் ஊதிய இழப்பு. இந்தத் தொடர்பைத் தமிழரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-இலேயே சுட்டிக்காட்டியது. வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் பணத்தை அக்குழு தனியே குறிப்பிட்டு, நிர்வாகத் தாமதம் ஊழலுக்கு முக்கியக் காரணம் எனக் கண்டது. அதன் பரிந்துரைப்படியே மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அமைந்தது.

சட்டங்களும் விதிகளும்

- தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973: ஊழியர் எப்போதும் நேர்மையும் கடமைப் பற்றும் கொண்டிருக்க வேண்டும்.
- மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964: மரியாதையின்றி நடப்பதையும், வேண்டுமென்றே தாமதிப்பதையும் தடை செய்கின்றன.
- தமிழ்நாடு அரசின் 2015-ஆம் ஆண்டு ஆணை: குறைதீர் மனுவுக்கு 3 நாள்களுக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும்.
- தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005: பொதுவாக 30 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.
- ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம்: லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் புகார் அளித்தால் அவருக்கு விலக்கு உண்டு.

நெறி தளர்வதற்கான காரணங்கள்

பழியை முழுவதும் தனி ஊழியர் மேல் போடுவது சரியன்று. காலிப் பணியிடங்களால் ஒருவர் இருவரின் வேலையைச் சுமக்க நேர்கிறது. மேலிடத்துப் பரிந்துரை வரும்போது வரிசை குலைகிறது. விதிப்படி நடப்பவர் இடமாற்றத்துக்கு அஞ்சுகிறார். தவறு செய்தவருக்கு ஒன்றும் நேராததைப் பார்க்கும் புதியவர், அதுவே அலுவலக வழக்கம் என்று கற்றுக்கொள்கிறார்.

மேம்படுத்தும் வழிகள்

மத்தியப் பிரதேசம் 2010-இல் சேவை உறுதிச் சட்டம் இயற்றி, காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு அபராதம் விதிக்க வழி செய்தது. கர்நாடகத்தில் 'சகாலா' திட்டம் காலக்கெடுவுடன் சேவை வழங்குகிறது. சட்டத்துக்குக் காத்திராமல் ஒவ்வோர் அலுவலகமும் செய்யக்கூடியவையும் உண்டு: தேவையான ஆவணங்களின் முழுப் பட்டியலை வாசலில் எழுதி வைத்தல், மனுவுக்கு உடனே ஒப்புகைச் சீட்டு தருதல், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்தல், வந்த வரிசைப்படி முடித்தல்.

மனுதாரருக்கும் பங்குண்டு. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வரிசையை முந்தப் பணம் நீட்டக் கூடாது. முந்திச் செல்பவர் வாங்கும் ஒவ்வொரு நாளும், பின்னால் காத்திருக்கும் ஓர் ஏழையின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது.