சக்கரத்தைத் தரையில் நிறுத்தும் கருவி

கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், ஊக்ளி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டிக் கிடக்கிறது கார்டன் ரீச். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் தோட்ட மாளிகைகள் வரிசையாக நின்ற கரை அது. அரசிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் வந்து குடியேறிய மெட்டியாபுரூஸும் அங்கேதான் இருக்கிறது. இன்று போர்க்கப்பல் கட்டும் தளம், தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகம், நேதாஜி சுபாஷ் கப்பல்துறை ஆகியவை அவ்வட்டாரத்தின் அடையாளங்கள். கப்பல்துறை உள்ள இடத்தில் சரக்குப்பெட்டி ஏற்றிய நெடிய டிரெய்லர்கள் ஓயாமல் ஓடும். அவை ஓடும் சாலையிலேயே முப்பது அகவை கண்ட ஒரு சொகுசு மகிழுந்தும் நாள்தோறும் ஓட வேண்டியிருந்தால், அதன் உறுப்புகளில் எது முதலில் சோர்ந்துபோகும் என்பதைச் சாலையிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ்சோதனை நடந்தது. அதற்கென்றே அமைத்த சாலைத் துண்டுகளில் வெவ்வேறு எடை ஏற்றிய சரக்குந்துகளை ஓட்டி, எந்தச் சுமை சாலையை எவ்வளவு சிதைக்கிறது என்று அளந்தார்கள். சிதைவானது அச்சின் மீதுள்ள சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்கிறது என்று தெரியவந்தது. ஒரு டன் தாங்கும் மகிழுந்தின் அச்சு செய்யும் கேட்டைப்போலப் பத்து டன் தாங்கும் சரக்குந்தின் அச்சு பத்தாயிரம் மடங்கு செய்கிறது. ஆற்று வண்டலின் மேல் போட்ட சாலை, அதன்மேல் மாதக்கணக்கில் தேங்கும் மழைநீர், அதற்கும் மேல் இந்தச் சுமை. துறைமுகச் சாலைகள் பள்ளமும் மேடுமாக அலைபாய்ந்து கிடப்பதில் வியப்பில்லை. சாலையைச் சரக்குந்து கெடுக்கிறது. அதன் விலையை மகிழுந்தின் கீழுள்ள நான்கு இரும்புக் குழாய்கள் கொடுக்கின்றன.

பட்டறைகளில் ‘ஷாக்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அதிர்வுதாங்கிகளே அந்தக் குழாய்கள். இவற்றைப் பற்றி மக்களிடையே வேரூன்றிய ஒரு தவறான எண்ணம் உண்டு. இவை பயணிகளின் முதுகு நோகாமல் இருக்க வைத்த வசதி உறுப்புகள் என்றும், சற்றுக் குலுங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். அறிவியல் வேறு கூறுகிறது. அதிர்வுதாங்கியின் முதற்கடமை சக்கரத்தைத் தரையை விட்டு அகலவிடாமல் நிறுத்துவது. முதுகுக்குக் கிடைக்கும் நலம் அதன் பின்விளைவே.

மேட்டில் ஏறும் சக்கரத்தின் உதைப்பை முதலில் வாங்கிக்கொள்வது சுருள்வில். அது அமுங்கி ஆற்றலைத் தன்னுள் சேர்த்துவைக்கிறது. ஆனால் வில்லுக்கு ஆற்றலைச் செலவழிக்கத் தெரியாது. வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிடும். வில் மட்டும் இருந்தால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும், ஆட்டிவிட்ட ஊஞ்சலைப் போல நெடுநேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடையுள்ள மகிழுந்தின் உடல் ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 735 ஜூல். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஐந்தில் ஒரு பாகை உயர்த்தக்கூட அது போதாது. ஆயினும் அதை எங்கேனும் செலவிட்டாக வேண்டும். அதுவும் அடுத்த பள்ளம் வருவதற்குள். இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் கரைத்துவிடுவதே அதிர்வுதாங்கியின் தொழில்.

பள்ளி இயற்பியலில் தடையுறு அலைவு என்று படித்ததுதான் இது. வண்டியின் நிறை, வில்லின் விறைப்பு, எண்ணெய் தரும் தடை ஆகிய மூன்றும் சேர்ந்து தடைவிகிதம் என்னும் ஓர் எண்ணைத் தருகின்றன. நல்ல நிலையிலுள்ள மகிழுந்தில் அது 0.3 அளவில் இருக்கும். அப்போது ஒரு முழு அலைவு முடிவதற்குள் ஆட்டத்தின் வீச்சு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதிர்வுதாங்கி தேய்ந்து அவ்விகிதம் 0.1க்கு இறங்கினால், ஓர் அலைவுக்குப் பின்னும் வீச்சில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். முதற் பள்ளத்தின் ஆட்டம் அடங்குமுன் இரண்டாம் பள்ளம் வந்துவிடும். ஆட்டத்தின்மேல் ஆட்டம் ஏறும்.

மகிழுந்தின் உடல் நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை என்ற அளவில் மெல்ல ஆடும் இயல்புடையது. அதன் கீழுள்ள சக்கரமோ டயரின் மீள்தன்மையால் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துடிக்கும் இயல்புடையது. உடலின் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். சக்கரத்தின் துடிப்பு தெரியாது. கேடு விளைப்பது பின்னதே. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் கடக்கிறது. அந்தச் சாலையில் எழுபது சென்டிமீட்டருக்கு ஒரு வரிமேடு அமைந்திருந்தால் சக்கரத்துக்கு நொடிக்குப் பன்னிரண்டு உதைகள் விழும். சக்கரத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு அது ஒத்துப்போய் ஒத்ததிர்வு எழும். தடை குன்றிய அதிர்வுதாங்கியால் அதை அடக்க இயலாது. சக்கரம் தரையை விட்டு எழுந்து எழுந்து விழும். காற்றில் நிற்கும் டயருக்குப் பிடிப்பு என்பதே இல்லை. அந்த நொடியில் பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. தேய்ந்த அதிர்வுதாங்கியுடைய வண்டி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் இதுவே.

கருவியின் உள்ளே இருப்பவை சில பொருள்களே. எண்ணெய் நிறைந்த உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் நுண்துளைகள், துளைகளின் மேல் மெல்லிய எஃகுத் தகடுகள். மெதுவாக அசைந்தால் எண்ணெய் துளைவழியே கசிந்து செல்லும். வேகமாக உதைபட்டால் தகடுகள் வளைந்து பெருவழி திறக்கும். அமுங்கும்போது குறைந்த தடையும் விரியும்போது மிகுந்த தடையும் தருமாறு தகடுகளை அடுக்குவார்கள், ஏனெனில் வில் சேர்த்துவைத்த ஆற்றல் வெளிப்படுவது விரியும்போதுதான். பிஸ்டன் தண்டு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர்ச் சீல் உண்டு. கண்ணாடிபோல் மெருகேற்றிய குரோமியப் பூச்சுள்ள தண்டின்மேல் அச்சீல் இலட்சக்கணக்கான முறை உரசிச் செல்கிறது. கருவியின் ஆயுள் பெரும்பாலும் அந்த மெல்லிய ரப்பர் வளையத்தின் ஆயுள்தான். தூசியுறை கிழிந்த தண்டில் சேற்றுநீர் தெறித்து உலர்ந்தால் மணல் துகள்கள் சீலை அறுக்கும். மழைக்காலத்தில் பள்ளம் எது, நீர் எது என்று தெரியாத கொல்கத்தாச் சாலைகளில் அவ்வாறு நேர வாய்ப்பு மிகுதி.

இந்த எளிய கருவிக்கு வர மனிதர் எடுத்துக்கொண்ட வழி நீண்டது. தொடக்கத்தில் வட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி உரசவிட்டே ஆட்டத்தைத் தணித்தார்கள். பிரான்சின் ட்ரூஃபோ அமைத்த அம்முறையை அமெரிக்காவில் பரப்பியவர் ஹார்ட்ஃபோர்டு. பின்னர் உதாய் என்பவர் எண்ணெயைப் புகுத்தினார். 1950களில் பிரான்சின் தெ கார்போன், ஒற்றைக் குழாய்க்குள் எண்ணெயையும் உயரழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைத்து, எண்ணெய் நுரைத்துத் தடையிழக்கும் குறையைப் போக்கினார். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்ஃபெர்சன் அதிர்வுதாங்கியையே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் மாற்றிவிட்டார். ஸ்ட்ரட் என்று நாம் சொல்வது அதைத்தான். 1950இல் பிரிட்டனில் ஃபோர்டு நிறுவனம் காட்டிய கான்சல், செஃபர் வண்டிகளில் அது வந்தது. நம் நாட்டில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது மாருதி 800.

கொல்கத்தாவுக்கு மகிழுந்து அயல் பொருளன்று. ஆற்றின் மேற்குக் கரையில், வடக்கே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1950களின் பிற்பகுதி முதல் 2014 மே வரை அம்பாசிடரை வார்த்துத் தந்தது. முன்பக்கம் முறுக்குத்தண்டும் பின்பக்கம் பட்டைவில்லும் கொண்ட வண்டி அது. பட்டைவில்லின் தகடுகள் தமக்குள் உரசிக்கொள்வதால் அவையே சிறிது தடை தரும். அதிர்வுதாங்கி தளர்ந்த பின்னும் அம்பாசிடர் ஓரளவு அடங்கி ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். 1984இல் வந்த காண்டெசா அன்றைய செல்வர்களின் வண்டி. அதன் முன்பக்கச் சுருள்வில்லுக்கு உள்உரசல் என்ற ஒன்று இல்லை. அடக்கும் பொறுப்பு முழுதும் அதிர்வுதாங்கியின் தலைமேல் விழுந்தது. சொகுசு கூடக்கூட அதிர்வுதாங்கியின் பொறுப்பும் கூடிவிடுகிறது.

1995இல் புனேயில் தொகுக்கத் தொடங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ124 வரிசையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் உருவான முதல் பென்ஸ் மகிழுந்து அதுவே. முன்பக்கத்தில் ஸ்ட்ரட், பின்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து இணைப்புத் தண்டுகள். அந்நாளில் உலகமே வியந்த அமைப்பு. அந்த வண்டியில் ஸ்ட்ரட் மாற்றுவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு தனித்தன்மை உண்டு. மாருதியில் சுருள்வில் ஸ்ட்ரட்டைச் சுற்றியே அமர்ந்திருக்கும். இரண்டும் ஒன்றாகக் கழன்று வரும். டபிள்யூ124இல் வில் தனியாக, சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நிற்கிறது. வில்லைத் தொடாமலேயே ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றலாம் என்பது அதன் நன்மை. கீழ்க்கை ஓர் எல்லைக்குக் கீழே இறங்காமல் பிடித்துவைத்திருப்பதும் அதே ஸ்ட்ரட் என்பதுதான் இடர். கீழ்க்கைக்கு ஜாக்கியால் முட்டுக் கொடுக்காமல் போல்ட்டுகளைக் கழற்றினால், அமுங்கி நிற்கும் வில் கீழ்க்கையைக் கீழே தள்ளிப் பாய்ந்து வெளிவரும். எலும்பை முறிக்கும் விசை அதற்கு உண்டு. பின்பக்க அதிர்வுதாங்கியைக் கழற்றும்போதும், அதன் மேல்முனை பின்பெட்டிக்குள் விரிப்பின் மறைவில் இருந்தாலும், கீழே அதே காவல் வேண்டும்.

மேல்நட்டைக் கழற்றும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நட்டோடு பிஸ்டன் தண்டும் சேர்ந்து சுழலும். தண்டின் தலையிலுள்ள பள்ளத்தில் திறவியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புவதே முறை. பொறுமையிழந்தவர்கள் தண்டையே குறடால் கவ்வுவார்கள். புதிய கருவியில் அப்படிக் கவ்வினால், குரோமியத்தில் விழும் மயிரிழைக் கீறல் ஒன்றே சில வாரங்களில் சீலைத் தின்றுவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய்கள் கொண்ட இரட்டைக் குழாய் வகையைப் பொருத்துமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை முழுதும் அமுக்கி விரித்து, உள்குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று விரைவில் கிழியும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. ஒரே அச்சின் வலப்புறம் அடங்கி இடப்புறம் ஆடினால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மேல்முனைத் தாங்கி, முட்டு ரப்பர், தூசியுறை ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். அவற்றின் விலை சிறிது, அதற்காக மீண்டும் கழற்றும் கூலி பெரிது. முடிந்ததும் சக்கர நேரமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

தொய்ந்த வண்டியை உயர்த்தச் சுருள்வில்லின் இடுக்கில் ரப்பர் பஃபர் செருகும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. இதைக் கண்டிக்காமல் இருக்க இயலவில்லை. பஃபர் வில்லின் விறைப்பைக் கூட்டுகிறது. எண்ணெயின் தடை அப்படியே இருக்கிறது. விறைப்பு ஒன்றரை மடங்கானால் தடைவிகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வண்டி உயரும், பிடிப்பு குறையும். பழைய உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற சந்தைகளில் கதவுப்பிடியோ விளக்கோ தேடி வாங்குவதில் பிழையில்லை. ஒருமுறை ஓடித் தேய்ந்த அதிர்வுதாங்கியை மட்டும் எங்கும் வாங்கக்கூடாது. மெருகேற்றிய குழாய்க்குள் இருக்கும் தகட்டின் சோர்வைக் கண்ணால் காண முடியாது. ஓசூரிலும் பிற ஊர்களிலும் ஆலை நடத்தும் கேப்ரியல் போன்ற நிறுவனங்கள் 1961 முதல் இந்நாட்டிலேயே இவற்றைச் செய்துவருகின்றன. பழைய வண்டிக்கும் புதிய உறுப்பைத் தேடுவதே அறிவுடைமை.

தேய்வை அறிவது கடினம், ஏனெனில் அது நாள்தோறும் சிறிது சிறிதாக வருகிறது. ஓட்டுபவர் தம்மை அறியாமலேயே அதற்குப் பழகிவிடுகிறார். வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு, எத்தனைமுறை ஆடுகிறது என்று பார்ப்பது பழைய சோதனை. அது உடலின் மெதுவான ஆட்டத்தை மட்டுமே காட்டும். ஐரோப்பிய அதிர்வுதாங்கித் தயாரிப்பாளர்கள் வகுத்த சோதனையில் சக்கரத்தை ஒரு மேடையில் நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை மொத்தம் ஆறு மில்லிமீட்டர் அசையுமாறு நொடிக்கு 25 முறை குலுக்கி, பின் மெல்ல அடங்கவிடுவார்கள். அப்போது டயர் மேடையை அழுத்தும் விசை எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதே மதிப்பெண். அவர்கள் அளப்பது பயணியின் வசதியை அன்று, தரைப்பிடிப்பை.

அத்தகைய மேடை அருகில் இல்லாதோர் டயரைத் தடவிப் பார்க்கலாம். சுற்றிலும் இடைவிட்டு இடைவிட்டுக் குழிகளாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளியே ஓடியிருக்கிறது என்று பொருள். குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு; வழிந்து சொட்டுவது இயல்பன்று. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்த கையோடு பழைய மகிழுந்தை ஒருமுறை மேலே தூக்கி, தூசியுறைகளையும் குழாய்களையும் பாருங்கள். எண்ணெய் வழிந்திருந்தால், அந்த அச்சின் இரண்டு அதிர்வுதாங்கிகளையும் மாற்றிய பின்னரே நெடுஞ்சாலையில் இறங்குங்கள்.